அரிய இரத்தப் புற்றுநோயும் கணக்கில் வராதவர்களும்



ஈறில் இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், மாதவிடாயில் அடங்காத உதிரப்போக்கு ஆகிய குறைகளோடு அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து பலர் எங்களிடம் வருகிறார்கள். பெரும்பாலோருக்குக் காரணம் சாதாரணமானதே. ஆனால் மிகச் சிலருக்கு அது 'அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா' என்னும் அரிய இரத்தப் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

1957-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தார். மைலாய்டு வகைக் கடும் இரத்தப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கே இது காணப்படுகிறது. அவ்வகையின் மற்ற நோய்கள் முதுமையில் பெருகுகின்றன. இதுவோ குடும்பத்தைத் தாங்கும் வயதினரையே அதிகம் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையின் உயிரணு ஒன்றில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதே நோயின் தொடக்கம். இது தொற்றாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவதுமில்லை.

சென்னையில் 1980-களின் தொடக்கம் முதல் அடையாறு புற்றுநோய் நிலையம் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. ஆனால் நோய் இன்னதென்று கண்டறியப்பட்டவரையே எந்தப் பதிவேடும் எண்ண முடியும். இந்நோயில் இரத்தம் உறையும் தன்மை கெட்டுவிடுகிறது. மூளையில் இரத்தம் கசிந்து சில நாட்களிலேயே உயிர் போகலாம். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே இறந்தவர் வேறொரு நோயின் கணக்கில் சேர்ந்துவிடக் கூடும். ஆகவே 'அரியது' என்ற சொல்லுக்குள் நாம் காணாத மரணங்களும் அடங்கியிருக்கலாம்.

துயரம் என்னவென்றால், இது குணமாகக் கூடிய நோய். வெள்ளைப் பாஷாணம் என்று நாம் அறிந்த ஆர்செனிக் டிரையாக்சைடு இதற்குப் பயன்படுவதைச் சீன மருத்துவர்கள் முதலில் காட்டினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு இந்த மருந்தை மட்டுமே கொடுத்தனர். சுமார் 86 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் சுமார் 74 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. இன்று இதனுடன் 'அட்ரா' மாத்திரையும் சேர்த்துத் தரப்படுவதால் பலன் இன்னும் கூடியுள்ளது. இருதயக் கண்காணிப்போடு ஊசி மூலம் ஏற்றப்படும் மருந்து இது. தானாக உட்கொண்டால் கொடிய நஞ்சு.

எனவே மேற்சொன்ன குறிகளைக் கண்டால் அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்யுங்கள். சந்தேகம் எழுந்தவுடனே சிகிச்சை தொடங்க வேண்டும். முதல் நாட்களைக் கடக்க நோயாளிக்குத் தட்டணுக்களும் தேவை. அவை இரத்ததானம் செய்வோரிடமிருந்தே கிடைக்கின்றன. அந்தச் சில நாட்களைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள்.