மின்னணு த்ராட்டில் கட்டுப்பாடு

மின்னணு த்ராட்டில் கட்டுப்பாடு என்பது காரின் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே இயந்திர இணைப்பு ஏதுமின்றி, மின் சைகைகள் மூலம் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் முறையாகும். 1980களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 7 வரிசைக் கார்களில் அறிமுகமான இம்முறை, இன்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் உள்ளது.

பழைய முறை

பெட்ரோல் எஞ்சினின் காற்றுப் பாதையில் வட்டமான ஒரு தகடு உண்டு. இது பட்டாம்பூச்சி வால்வு எனப்படுகிறது. தகடு திரும்பித் திறக்கும்போது அதிகக் காற்று உள்ளே செல்லும். அதற்கேற்ப எரிபொருளும் செலுத்தப்படுவதால் எஞ்சினின் திறன் கூடும். பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து ஒரு எஃகுக் கேபிள் நேரே இத்தகட்டை இழுத்தது. ஓட்டுநரின் கால் எவ்வளவு அழுத்தியதோ, அவ்வளவு தகடு திறந்தது. எஞ்சினின் வேகம், வெப்பநிலை, சக்கரங்களின் பிடிப்பு ஆகியவற்றைக் கேபிள் அறியாது.

முக்கிய உறுப்புகள்

* மிதி நிலை உணரி: ஆக்சிலரேட்டர் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்பதை மின்னழுத்தமாக மாற்றுகிறது.
* கட்டுப்பாட்டுக் கணினி: உணரிகளின் சைகைகளைப் படித்து, தகடு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது.
* த்ராட்டில் அமைப்பு: தகடு, அதைத் திருப்பும் சிறு நேர்மின்னோட்ட மோட்டார், பற்சக்கரங்கள், சுருள்வில், தகட்டின் கோணத்தை அளக்கும் உணரி ஆகியவற்றைக் கொண்டது.

செயல்படும் விதம்

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அது ஒரு கோரிக்கையாகவே கணினியை அடைகிறது. எஞ்சின் வேகம், குளிர்விப்பு நீரின் வெப்பநிலை, கியர் நிலை போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்து, தேவையான திருப்புவிசைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. பின்னர் மோட்டாருக்குத் துடிப்புகளாக மின்சாரம் அனுப்பித் தகட்டைத் திருப்புகிறது. தகடு உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை உணரி திருப்பிச் சொல்கிறது. வேறுபாடு இருந்தால் கணினி உடனே திருத்துகிறது. இச்சுழற்சி ஒரு நொடிக்குள் பலமுறை நடைபெறுகிறது.

இதனால் மிதி பாதி அழுத்தப்பட்டால் தகடும் பாதி திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே காரில் சிக்கன ஓட்டம், விரைவு ஓட்டம் எனத் தனித்தனித் தெரிவுகளை அளிக்க முடிவது இதனால்தான். குரூஸ் கட்டுப்பாடு, சக்கர வழுக்கல் கட்டுப்பாடு ஆகியவையும் இதே மோட்டாரைப் பயன்படுத்துகின்றன. கார் நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருக்கத் தேவையான காற்றையும் இத்தகடே அனுமதிப்பதால், அதற்கெனத் தனி வால்வு தேவைப்படுவதில்லை.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

ஒரு உணரி பழுதானாலும் ஆபத்து நேராதிருக்க, மிதியிலும் தகட்டிலும் குறைந்தது இரண்டு உணரிகள் பொருத்தப்படுகின்றன. சில வடிவமைப்புகளில் ஒரு உணரியின் மின்னழுத்தம் மற்றதைப் போல இருமடங்காக இருக்கும். வேறு சிலவற்றில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி பழுதை அறிந்துகொண்டு எச்சரிக்கை விளக்கை எரியவிடும். மோட்டாருக்கு மின்சாரம் நின்றால், சுருள்வில் தகட்டைச் சற்றே திறந்த நிலைக்குக் கொண்டுவரும். கார் மெதுவாக ஊர்ந்து சாலையோரமோ பணிமனையோ சேர இது உதவுகிறது.

டொயோட்டா சர்ச்சை

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, கட்டுப்பாடின்றி விரைந்த ஒரு லெக்சஸ் கார் மோதியதில் அதிலிருந்த நால்வரும் இறந்தனர். மிதியில் சிக்கிய தரைவிரிப்பே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தொடர்ந்து டொயோட்டா பல இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மின்னணு அமைப்பே குற்றவாளியோ என்ற ஐயம் எழவே, அமெரிக்க அரசின் வேண்டுகோளின்படி நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தனர். பெரிய அளவில் த்ராட்டிலைத் திறக்கக்கூடிய மின்னணுக் குறை எதுவும் கண்டறியப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கை தெரிவித்தது. எனினும் 2013இல் ஓக்லஹோமா மாநில வழக்கு ஒன்றில், மென்பொருள் குறைகள் பற்றிய வல்லுநர் சாட்சியத்தைக் கேட்ட நடுவர் குழு டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இச்சர்ச்சைக்குப் பின், பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒருசேர அழுத்தப்பட்டால் பிரேக்குக்கே முன்னுரிமை தரும் மென்பொருள் பரவலானது. எதனால் ஆக்சிலரேட்டர் சிக்கினாலும், பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றுவதே பாதுகாப்பானது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைவதால், பலமுறை மிதித்தால் அந்த உதவி தீர்ந்துவிடும்.

பராமரிப்பு

தகட்டின் விளிம்பில் கரி படிந்தால் ஐட்லிங் சீரற்றுப் போகும். சுத்தம் செய்தபின் பல கார்களில் தகட்டின் மூடிய நிலையைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். தகட்டைக் கையால் வலிந்து திருப்பினால் பற்சக்கரங்கள் சேதமடையலாம். சந்தையில் விற்கப்படும் மிதி வேகமூட்டிக் கருவிகள் மிதியின் சைகையை மட்டுமே மாற்றுகின்றன. எஞ்சினின் உச்சத் திறனைக் கூட்டுவதில்லை.