கண்ணும் செவியும் பல்லும்

முதுமை எவரையும் விட்டுவைப்பதில்லை. கண் மங்குதலும், செவி மந்தமாதலும், பல் ஆடுதலும் அதன் வரவை அறிவிக்கும் தூதுவர்கள். முதியோரின் நோய்ச் செலவைத் தாங்கும் அரசு, இத்தகைய அன்றாடத் தேவைகளையும் தாங்க வேண்டுமா என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது.

அந்நாட்டில் 65 வயது நிரம்பியோர்க்கென ‘மெடிகேர்’ என்னும் அரசு மருத்துவக் காப்பீடு உள்ளது. 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அதற்குரிய சட்டத்தில் கையொப்பமிட்டார். உழைப்போர் ஊதியத்திலிருந்து செலுத்தும் வரியும், முதியோர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணமும், அரசின் பொதுநிதியும் சேர்ந்து இத்திட்டத்தை நடத்துகின்றன.

மருத்துவமனையில் தங்குவதற்கும் மருத்துவரிடம் காட்டுவதற்கும் ஆகும் செலவில் பெரும்பகுதியை இஃது ஏற்கின்றது. ஆயினும், வழக்கமான பல் மருத்துவம், மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி ஆகியவற்றைச் சட்டம் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. கண்புரையை நீக்கும் அறுவைக்குப் பணம் தரும் திட்டம், முதுமையால் மங்கிய பார்வைக்குக் கண்ணாடி வாங்கப் பணம் தருவதில்லை. தனியார் நிறுவனங்களின் வழியாக இத்திட்டத்தில் சேர்வோர் பலர்க்கு இவ்வுதவிகள் ஓரளவு கிடைக்கின்றன.

சிறு தேவைகள் என இவற்றைத் தள்ளுதல் தகுமோ? பல்லை இழந்தவர் சத்துள்ள உணவை மெல்ல இயலாது மெலிகின்றார். பார்வை மங்கியவர் படியில் இடறி விழுந்து எலும்பை முறித்துக்கொள்கின்றார். செவி கேளாதவர் பிறரோடு உரையாட இயலாமல் தனிமையில் வாடுகின்றார். முறிந்த எலும்புக்குச் செலவிடும் திட்டம், வீழ்ச்சியைத் தடுக்கக்கூடிய கண்ணாடிக்குச் செலவிடாதிருப்பது வியப்பன்றோ?

மறுப்போர் கூற்றிலும் பொருள் உண்டு. முதியோர் தொகை பெருகி வருகின்றது. புதிய உதவி ஒவ்வொன்றுக்கும் யாரேனும் பணம் செலுத்தியாக வேண்டும். 2021ஆம் ஆண்டு இம்மூன்றையும் திட்டத்தில் சேர்க்கும் முயற்சி எழுந்தது. அவற்றுள் செவி பற்றிய உதவி மட்டுமே பிரதிநிதிகள் சபையின் ஒப்புதலைப் பெற்றது, அதுவும் சட்டமாகவில்லை.

எனினும் இத்திட்டம் வளராமல் நின்றுவிடவில்லை. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளுக்கு 2006 முதல் உதவி கிடைக்கின்றது. ஆண்டுக்கொருமுறை மருத்துவரைக் கண்டு உடல்நலம் பேணும் வழிகளைக் கட்டணமின்றி அறிய 2011 முதல் வகை செய்யப்பட்டுள்ளது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. முதியோர் கண்டும் கேட்டும் உண்டும் இன்புற்று வாழும் நாட்டில், மருத்துவமனைக் கட்டில்களின் சுமையும் குறையும் அன்றோ?