காற்றுத்திரள்களும் காலவைசாகியும்

ஒரே பரப்பின்மீது பல நாள்கள் தங்கிய காற்று, அப்பரப்பின் இயல்பைத் தன் இயல்பாக்கிக்கொள்கிறது. பாலைமீது தங்கியது வறண்டு வெப்பமுறும். கடல்மீது தங்கியது ஈரம் சுமக்கும். வெப்பமும் ஈரமும் ஏறத்தாழ ஒத்திருக்கும் இத்தகு பெருந்தொகுதியே காற்றுத்திரள் எனப்படும். இயல்பு மாறுபட்ட இரு திரள்கள் எளிதில் கலப்பதில்லை. அவற்றின் எல்லைக்கு ‘முகப்பு’ என்னும் கருத்தை வழங்கியவர்கள் நார்வேயின் பெர்கன் நகர வானிலை அறிஞர்களாவர். முதல் உலகப் போரையொட்டிய காலமாதலால், போர்முனையைக் குறித்த சொல்லே வானிலையியலுக்கும் வந்து சேர்ந்தது. 1919இல் ஜேக்கப் பியர்க்னஸ் வெளியிட்ட கட்டுரை இக்கொள்கைக்கு அடித்தளமிட்டது.

குளிர்ந்த காற்று கனமானது. அது வெப்பக் காற்றின் அடியில் ஆப்பெனப் புகுந்து அதனை உயர்த்துகிறது. உயரும் காற்று குளிர, அதன் ஈரம் மேகமாகிறது. அவ்வேளை வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் உந்துகிறது. இடிமழையின் பிறப்பு இதுவே.

வங்கத்தின் நிலை சற்று வேறானது. சித்திரை, வைகாசியில் வங்கக்கடலின் ஈரக்காற்று தாழ்வாக உள்நாடு புகுகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று அதன்மீது மூடிபோல் படர்கிறது. மூடியின் கீழ் நாளெல்லாம் ஆற்றல் சேர்கிறது. மூடி உடையுமிடத்தில் மேகம் 15 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டி எழும். உயரத்திற்கேற்பக் காற்றின் திசையும் வேகமும் மாறுமாயின், எழும் காற்று சுழலவும் தொடங்கும். வங்க மக்கள் இப்புயலைக் ‘காலவைசாகி’ என்பர். சணலுக்கும் நெல்லுக்கும் உயிரூட்டும் மழையும் இதுவே. உயிர் பறிப்பதும் இதுவே.

1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டம் நெடிய வறட்சியில் வாடியிருந்தது. ரமளான் மாதம்; மாலை நேரம். மக்கள் எதிர்நோக்கிய மழைக்கு மாறாக, தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளை டொர்னாடோ என்னும் சுழல்தூண் தாக்கிற்று. சுமார் 1,300 பேர் மாண்டனர். உலக வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பறித்த டொர்னாடோவாக அதுவே கருதப்படுகிறது. தகரத்தாலும் மூங்கிலாலும் ஆன வீடுகள் அதன்முன் நில்லா.

மின்னல் சாவுகள் பெருகியமையால் 2016இல் அந்நாடு மின்னலையும் இயற்கைப் பேரிடராக அறிவித்தது. மேகமற்ற, புழுக்கம் மிகுந்த நண்பகல் பாதுகாப்பின் அடையாளமன்று. மூடி இன்னும் உடையவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். முதல் இடியோசை கேட்டதும் வயலை விட்டகன்று உறுதியான கட்டடத்தை நாடுவதே அறிவுடைமை.