பிரமிட்டுக்குக் கல் ஏற்றியவரின் கணக்குக் கொப்பி

எகிப்து பற்றி ஓர் உரை தருமாறு நிலையத்தார் கேட்டபோது, தங்க முகமூடிகளையும் மம்மிகளையும் விட்டுவிட்டு ஒரு கணக்குக் கொப்பியைத்தான் தேர்ந்தெடுத்தேன். முப்பது வருடமாகக் கணக்குப் பார்க்கும் ஒருவனுக்கு வேறென்ன கண்ணில் படும்! ஒலிபரப்பில் நேரம் போதாமல் விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

அதைக் கண்டெடுத்தவர் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியர் தலே. பெரும்பாலான ஆய்வாளர்கள் நைல் நதிக்கரையில் கல்லறைகளைத் தோண்டிக்கொண்டிருக்க, இவர் பல வருடங்களைச் சினாய்ப் பாறைகளில் உள்ள பழைய எழுத்துக்களைப் பதிவு செய்வதிலும், செங்கடற் கரையில் அயின் சுக்னா என்ற பழந்துறைமுகத்தை அகழ்வதிலும் செலவிட்டார். செப்பும் நீலப் பச்சைக் கல்லும் எடுக்கச் சினாய்க்குப் போனவர்கள் எங்கிருந்து படகேறினார்கள் என்பதே அவருடைய கேள்வி.

வாடி அல்-ஜார்ஃப் என்னும் இடம் முற்றிலும் புதியதல்ல. 1823இல் ஆங்கிலேயரான வில்கின்சன் அங்குள்ள குகைகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார். 1950களில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் பார்த்தார்கள். 1956 சுயஸ் நெருக்கடியோடு அவர்களுடைய வேலை நின்றுபோயிற்று. அந்தப் பழைய குறிப்புகளை வைத்துத் தேடிய தலேயின் குழு 2008இல் இடத்தைக் கண்டுபிடித்து, 2011இல் அகழத் தொடங்கியது. பாறையில் குடைந்த சுமார் முப்பது நீண்ட அறைகள், கடலுக்குள் ஓர் இறங்குதுறை, கல் நங்கூரங்கள் எல்லாம் கிடைத்தன. படகுகளைக் கழற்றி அந்த அறைகளில் அடுக்கிவைத்து, அடுத்த பயணத்தின்போது பூட்டியிருக்கிறார்கள்.

2013 மார்ச்சில், அறைகளை மூடியிருந்த பெரிய கற்களுக்கு இடையில் பப்பைரஸ் துண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. எழுத்துள்ள பப்பைரஸ்களில் இன்றுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. வயது சுமார் 4,500 ஆண்டுகள். காலத்தை எப்படி அறிந்தார்கள் தெரியுமா? பதின்மூன்றாவது கால்நடைக் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பு பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை நடந்தது. ஆக, பெரிய பிரமிட்டைக் கட்டிய குஃபு மன்னனின் ஏறத்தாழ 26 அல்லது 27ஆம் ஆண்டு. வரிக்காக மாடு எண்ணியதை வைத்து வருடத்துக்குப் பெயரிட்ட அரசு! எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எழுதப்பட்டவற்றில் ஒன்று மேரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. அவரின் கீழ் சுமார் நாற்பது பேர். நைலின் கிழக்குக் கரையில் உள்ள துராவில் வெள்ளைச் சுண்ணக்கல்லை ஏற்றி, குஃபுவின் நீர்த்தேக்கத்தில் இரவு தங்கி, மறுநாள் கீசாவில் இறக்குவார்கள். அடுத்த நாள் வெறும் படகுடன் திரும்புவார்கள். பத்து நாட்களில் இரண்டு, மூன்று தடவை இப்படி. பிரமிட்டின் வெளிப்புறத்தை மூடியது துராக் கல்தான். மன்னனின் மாற்றாந்தாய்வழிச் சகோதரரான அங்க்ஹாஃபின் பெயரும் பொறுப்பாளராக வருகிறது. கதையோ வர்ணனையோ கிடையாது. எங்கே புறப்பட்டோம், எங்கே தங்கினோம், அவ்வளவுதான்.

மற்றவை உணவுக் கணக்குகள். வரவேண்டியது, வந்தது, மிகுதி நிலுவை என்று கட்டம் போட்டு, கறுப்பு மையும் சிவப்பு மையும் கொண்டு எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் நாங்கள் கடன்காரர் பட்டியலை வேறு விதமாகவா போடுகிறோம்?

பிரமிட்டை அடிமைகள்தானே கட்டினார்கள் என்று உரைக்குப் பின் ஒரு நேயர் கேட்டார். சாட்டையடி வாங்கும் கூட்டத்தைச் சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். மேரரின் ஆட்களோ பாணும் பியரும் அரச களஞ்சியத்திலிருந்து பெற்ற, பழக்கப்பட்ட படகுக் குழுவினர். துணியும் கொடுக்கப்பட்டிருக்கிறது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான் என்று ஒரு குழுவின் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பழைய கதைகளைவிட இந்த நிலுவைப் பட்டியலை நான் நம்புவேன். பிறர் படிக்க வேண்டும் என்று எழுதியதல்லவே அது.

தலே நாட்குறிப்பை 2017இலும், இன்னொரு தொகுதியை 2021இலும் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். மார்க் லேனர் என்ற அமெரிக்க ஆய்வாளருடன் சேர்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரெட் சீ ஸ்க்ரோல்ஸ்' என்ற நூலும் 2021இலேயே வந்தது. படங்கள் நிறைய உண்டு. உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாவிட்டால், எடுத்துத் தருமாறு கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் விரும்பிப் பார்ப்பார்கள்.