ஆட்டத் தோழமையின் கோட்டுரு

அழகர்கோவிற் கோட்டைமதில் நிழலில் இளைஞன் ஒருவன் கைபேசியுந் தானுமாய் அமர்ந்திருப்பதை நாம் காண்கின்றோம். அவனைத் தனியன் என்று எண்ணற்க. 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளிவந்த ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ போன்ற ஆட்டங்களில் நால்வர் ஓர் அணியாவர். ஏனை மூவர் மேலூரிலிருத்தலும் கூடும், மலேயாவிலிருத்தலும் கூடும். புலனாகாத இத்தோழமையைக் கண்ணாற் காணச் செய்யும் முறையையும், அதனால் நம்மைச் சாரும் கடமை ஒன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையினின்று வையைக்கு எழுந்தருளும் வழியில் மண்டபங்கள் பல உள. அவற்றின் பெயர்களை மட்டும் எழுதி வைப்பின் அது பட்டியல். எதனை அடுத்து எது என்பதனையும் உடன் குறிப்பின் அது கோட்டுரு. மண்டபம் கணு, இடைவழி கோடு. 1736-இல் கணித அறிஞர் ஆய்லர் கோனிக்சுபர்க்கு நகரத்து ஏழு பாலங்களை ஆராய்ந்தபோது இத்துறை தோன்றிற்று. 1934-இல் மொரீனோ என்னும் மனநல மருத்துவர், பள்ளிச் சிறாருள் யார் யாரை விரும்புகின்றனர் என்பதனை இவ்வாறே வரைந்து காட்டினார்.

ஆட்டக்காரரைக் கணுவாகவும் நட்பைக் கோடாகவும் கொள்க. ‘நண்பனுக்கு நண்பனுடைய நண்பன் யாவன்?’ என்று வினவின், அட்டவணை முறையிலமைந்த தரவுத்தளம் பட்டியலை மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். நியோ4ஜே முதலிய கோட்டுருத் தரவுத்தளங்களிலோ, ஒவ்வொரு கணுவும் தன் கோடுகளைத் தன்னொடு வைத்திருக்கும். ஆதலின் கோட்டைப் பற்றியே அடுத்த கணுவை அடையலாம். இத்தகைய தளங்களை வினவும் மொழிக்கு 2024-இல் பன்னாட்டுத் தரமும் வகுக்கப்பட்டது.

திரையில் வரையுங்கால், கோடுகள் சுருள்வில்போல் இழுப்பனவாகவும் கணுக்கள் ஒன்றையொன்று தள்ளுவனவாகவும் கணினி கணக்கிடும். அதனால் நெருங்கிய தோழர் கொத்துக் கொத்தாய்த் திரள்வர். முந்நூறு நண்பரையுடையான் ஒரு கொத்தினுள்ளேயே அடங்கிவிட, மூவரையே உடையான் இரு கொத்துகளுக்கிடையே பாலமாய் நிற்றலும் உண்டு. அவன் நீங்கின் அவ்விரு கூட்டமும் பிரிந்துபோம். நண்பரின் தொகை மட்டும் கூறாத உண்மை இது.

இனிக் கடமையைக் கூறுவோம். ஒரு கோட்டுக்கு முனை இரண்டு. தன் நட்புப் பட்டியலைக் காட்ட ஒருவன் இசைந்தால், இசையாத தோழனும் அதனுள் வெளிப்படுகின்றான். 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் எழுந்தபோது பேஸ்புக் நிறுவனமே வெளியிட்ட கணக்கினை நோக்குக. இந்தியாவில் அச்செயலியை ஏற்றவர் 335 பேர். அவர்தம் நட்பின் வாயிலாகச் செய்தி வெளிப்பட்டிருக்கக் கூடியவரையும் சேர்த்தால் 5,62,455 பேர்!

பெயரை நீக்கி எண்ணை இடின் தீங்கில்லை என்பாரும் உளர். சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்ற அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2009-இல் அதனை மறுத்துக் காட்டினர். டுவிட்டர், பிளிக்கர் என்னும் இரண்டிலும் கணக்குடையாருள் மூன்றிலொரு பங்கினரை, பெயர் நீக்கிய டுவிட்டர் வலையில், கோடுகளின் அமைப்பைக் கொண்டே அவர்கள் அடையாளங் கண்டனர். பிழை நூற்றுக்குப் பன்னிரண்டளவே. முகத்தை மறைப்பினும் சுற்றம் காட்டிக்கொடுக்கும் போலும்!

ஆதலின், நம் மாணாக்கர் தம் ஆட்டத் தோழரை இவ்வாறு வரைய முற்படின், அதனை நாம் மகிழ்ந்து வரவேற்போம். ஆயினும் ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் இசைவு பெறுக, வேண்டாதவற்றைத் திரட்டற்க, ஆய்வு முடிந்தபின் அழித்துவிடுக. நட்பு இருவர் உடைமை. அதனை வெளியிடும் உரிமை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று.