குறட்டைக்கு நடுவே நின்றுபோகும் மூச்சு

குறட்டை விட்டு உறங்குபவர் ஆழ்ந்து உறங்குகிறார் என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். வீட்டில் அது கேலிப் பொருளாகிறது. இரவு நேர ரயிலில் சக பயணிகளின் முணுமுணுப்புக்குக் காரணமாகிறது. ஆனால் உரத்த குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அமைதி நிலவி, பிறகு ஒரு திணறலுடன் மீண்டும் தொடங்குமானால் அந்த அமைதியைக் கவனிக்க வேண்டும். அந்த நொடிகளில் அவர் மூச்சு விடவில்லை. மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்றழைக்கும் உறக்க மூச்சுத்தடை நோயின் முதன்மையான அடையாளம் இது. ஆப்னியா என்னும் கிரேக்கவழிச் சொல்லுக்கு மூச்சின்மை என்று பொருள்.

இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் தமது 69ஆம் வயதில் மும்பையில் காலமானார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் இறப்புக்குக் காரணமாக இந்நோயைக் குறிப்பிட்டார். அதுவரை இப்பெயரைக் கேட்டிராத பலர் அன்றுதான் அதைச் செய்தித்தாளில் படித்தனர். இக்கட்டுரையை எழுதுபவன் மருத்துவன் அல்லன். வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்தவன். மருத்துவக் காப்பீடு தொடர்பாக வாடிக்கையாளர்கள் சிலர் எழுப்பிய கேள்விகளே இந்நோயைப் பற்றிப் படிக்கத் தூண்டின.

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் இறுக்கமாக இருந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்திருந்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னோக்கிச் சரிகிறது. குறுகிய பாதையின் வழியே செல்லும் காற்று அங்குள்ள மென்மையான சதையை அதிரச் செய்கிறது; அந்த அதிர்வே குறட்டை. பாதை முழுவதுமாக அடைபட்டால் ஒலியும் நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். காற்று மட்டும் உள்ளே செல்லாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. கரியமில வாயு கூடுகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை, உறங்குபவரைச் சில நொடிகள் உலுக்கி எழுப்புகிறது. தசைகள் இறுகிப் பாதை திறக்கிறது. காற்று பெருத்த ஓசையுடன் உட்புகுகிறது. அவர் உடனே மீண்டும் உறங்கிவிடுவதால் காலையில் இவற்றுள் ஒன்றும் அவர் நினைவில் இருப்பதில்லை. (மூச்சுவிடும் ஆணையை மூளையே அனுப்பத் தவறும் இன்னொரு வகையும் உண்டு. அது அரிது, அதற்கான சிகிச்சையும் வேறு.)

குறைந்தது 10 நொடி மூச்சு நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு தடை என்று கணக்கிடுகின்றனர். மணிக்கு 5 முதல் 15 தடைகள் வரை இருந்தால் நோய் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேல் கடுமையானது. பெருக்கிப் பார்ப்பது எங்கள் தொழிற்பழக்கம்: மணிக்கு 30 தடைகள் எனில் 7 மணி நேர உறக்கத்தில் 210. அத்தனை முறையும் உடல் அவசர நிலைக்குச் சென்று திரும்புகிறது; இரத்த அழுத்தமும் ஏறி இறங்குகிறது. மூன்று வகை மாத்திரைகள் உட்கொண்டும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதில் வியப்பில்லை. சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

பகலில் தென்படும் அறிகுறிகளுக்கு நாம் வேறு காரணங்களைக் கற்பித்துக்கொள்கிறோம். எழுந்தவுடன் தலைவலி என்றால் பித்தம் என்கிறோம். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரை அல்லது முதுமை என்று முடிவு செய்கிறோம். அலுவலகக் கூட்டத்தில் கண்ணயரும் ஊழியருக்குச் சோம்பேறி என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. இவற்றுள் மிகக் கொடியது வாகனம் ஓட்டும்போது வரும் உறக்கம். சிவப்பு விளக்கில் நிற்கும் அரை நிமிடத்தில் கண் செருகுகிறது என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

உடல் பருத்தவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பதும் சரியன்று. பருமன் பெரிய காரணம்தான். ஆயினும் தாடை சிறியதாகவோ உள்ளொடுங்கியோ இருக்கும் மெலிந்தவர்களுக்கும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது. அவர்களிடம் குறட்டையைவிடச் சோர்வும் உறக்கமின்மையும் முன்னே நிற்பதால் நோய் எளிதில் தப்பிவிடுகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வீங்கிய டான்சிலும் அடினாய்டும் காரணம். மதுவும் சில வகைத் தூக்க மாத்திரைகளும் எவருக்கும் நிலைமையை மோசமாக்கும்.

மருத்துவர்கள் முதற்கட்டமாகப் பயன்படுத்தும் ஒரு வினாப் பட்டியலில் எட்டே கேள்விகள் உள்ளன: உரத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டிருத்தல், இரத்த அழுத்தம், உடல் பருமன், 50க்கு மேற்பட்ட வயது, பருத்த கழுத்து, ஆணாக இருத்தல். இவற்றுள் மூன்றாவதற்கு நோயாளியால் விடையளிக்க இயலாது. அருகில் படுத்திருப்பவரே அதற்குச் சாட்சி. எனவே மருத்துவரிடம் துணைவரையும் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் சில நிமிடங்கள் காணொளி எடுத்துச் செல்வதும் உதவும். நோயை உறுதி செய்வது உறக்க ஆய்வு. மருத்துவமனையில் ஓரிரவு தங்கி, மூளை அலை, மூச்சோட்டம், மார்பசைவு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். பலருக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கருவி போதுமானது.

சிகிச்சையில் முதலிடம் 'சீ-பாப்' கருவிக்கு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் இதை உருவாக்கி, அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அறுவை இல்லை, மருந்து இல்லை. சிறிய காற்றழுத்தி ஒன்று, குழாய் வழியாக மூக்கின்மீது பொருத்திய முகமூடிக்குள் காற்றைச் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி தாங்கி நிற்கிறது. பலர் எண்ணுவதுபோல் இது ஆக்சிஜன் கருவி அன்று. உள்ளே செல்வது அறையிலுள்ள அதே காற்றுதான். பொருந்திவிட்டவர்கள் சில நாட்களிலேயே பகல் தெளிவை உணர்கின்றனர்.

பொருந்துவதில்தான் சிக்கல். முதல் வாரங்களில் முகமூடி உறுத்தும்; காற்று கசியும்; மூக்கு வறளும். பொறுமையிழந்து கருவியை அலமாரியில் வைத்துவிடுவோர் பலர். முகமூடியின் அளவை மாற்றுதல், காற்றுக்கு ஈரமூட்டும் பகுதியைச் சேர்த்தல், அழுத்தத்தை மருத்துவர் திருத்தி அமைத்தல் எனப் பெரும்பாலான குறைகளுக்குத் தீர்வு உண்டு. பயன்படுத்தாத இரவில் நோய் திரும்பிவிடும் என்பதால் பயணத்திலும் கருவியை உடன் கொண்டுசெல்ல வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கல வசதியும் தேவை.

லேசான, நடுத்தர நிலையினருக்குக் கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல் கருவி பயன்படும். பக்கவாட்டில் படுப்பது சிலருக்குப் போதும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2000இல் வெளியான ஆய்வின்படி, எடை 10 விழுக்காடு குறைந்தால் தடைகள் ஏறத்தாழ 26 விழுக்காடு குறையும். கூடினால் 32 விழுக்காடு கூடும்.

இனி, வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பரிசோதித்தால் நோய் பதிவாகிவிடும், பிரீமியம் கூடிவிடும் என்று அஞ்சிச் சிலர் ஆய்வைத் தள்ளிப்போடுகின்றனர். இதை என்னால் ஏற்க இயலவில்லை. நோய் பதிவாகாவிட்டாலும் இதயம் அதைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கண்டறியப்பட்ட பின் முன்மொழிவுப் படிவத்தில் மறைப்பது இன்னும் தவறு. உரிமைகோரல் மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024 ஏப்ரல் முதல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. உண்மையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது முன்னைவிட எளிதாகியிருக்கிறது.

ஆய்வுக்காக மட்டுமே மருத்துவமனையில் தங்கும் செலவைப் பொதுவாகக் காப்பீடு ஏற்பதில்லை. வீட்டில் பயன்படுத்தும் கருவிக்கும் பல பாலிசிகளில் இடமில்லை. உங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எடை குறைப்பு அறுவைக்கு மட்டும் ஒரு வழி உண்டு: உடல் நிறை எண் 35க்குக் குறையாமல் இருந்து, கடுமையான உறக்க மூச்சுத்தடையும் இருந்து, பிற வழிகள் பலனளிக்காத நிலையில் அது ஏற்கப்படலாம். கருவியின் விலையோடு முகமூடி, குழாய், வடிகட்டி ஆகியவற்றை அவ்வப்போது மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வசதி பெருநகரங்களில் உள்ளது. முகமூடி உங்களுக்குப் பொருந்துகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.