மருத்துவமனையில் காற்றோட்டம்: திருமுல்கேரி வட்டாரம் தரும் பாடம்

நோயைத் தீர்க்க அமைந்த இடமே புதிய நோயைத் தரும் இடமாகிவிடலாகாது. மருந்துக்கும் கருவிக்கும் ஊழியருக்கும் நிதி ஒதுக்கும்போது, கணக்கில் இடம்பெறாத தேவை ஒன்று உண்டு. அதுவே தூய காற்று.

மாறிய கொள்கை

ஐதராபாத்தை அடுத்த செகந்தராபாத் படைமுகாம் 1806இல் நிறுவப்பட்டது. அதன் ஒரு பகுதியான திருமுல்கேரியில், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அரண் சூழ்ந்த பாசறை எழுந்தது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்த ஐரோப்பியப் படைவீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டதாக, 1863இல் வெளியான அரசு ஆணையத்தின் அறிக்கை கணக்கிட்டது. நெரிசலையும் அசுத்தக் காற்றையும் முக்கிய காரணங்களாகக் கருதிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சாளரங்களும் கொண்ட கூடங்களை வலியுறுத்தினார்.

பின்னர், திருமுல்கேரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்டு 20 அன்று, ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 'கெட்ட காற்று' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லே மலேரியா என்ற பெயருக்கு மூலம். அந்நோய்க்குக் காரணம் காற்றன்று, கொசுவே என்பது தெளிவாயிற்று. நோய்க்கெல்லாம் காற்றே காரணம் என்ற பழங்கொள்கை அடியோடு தளர்ந்தது.

ஆனால் காசநோயைப் பொறுத்தவரை காற்று குற்றமற்றதன்று. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்திவலைகள் உலர்ந்து, நெடுநேரம் காற்றில் மிதக்கக்கூடும் என்பதை 1934இல் வெல்ஸ் விளக்கினார். கொரோனாப் பெருந்தொற்று அதே உண்மையை உலகுக்கு மீண்டும் உணர்த்திற்று. பழைய கட்டடங்களுக்குக் கூறப்பட்ட காரணம் முழுதும் சரியன்று. எனினும் கட்டிய முறை சரியே.

அளவும் கணக்கும்

ஓர் அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதிய காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உட்புகுகிறது என்பதே காற்று மாற்ற அளவாகும். மணிக்கு 12 மாற்றங்கள் நிகழ்ந்தால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் சுமார் 23 நிமிடங்களில் நீங்கும். 2 மாற்றங்களே நிகழ்ந்தால் 138 நிமிடங்கள் ஆகும்.

இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியுள்ள பொதுக் கூடங்களில், நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று தேவை என உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்தது. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் 12 படுக்கைகள் இருப்பதாகக் கொள்வோம். அங்கு விநாடிக்கு 720 லிட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 11 மாற்றங்கள் தேவை. அதே கூடத்தில் 18 படுக்கைகளை இட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 40 லிட்டரே. படுக்கை எண்ணிக்கையின் உயர்வு மட்டும் சாதனையாகாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடந்து, 2007இல் வெளியான ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. கதவும் சாளரமும் திறந்த அறைகளில் மணிக்கு 28 மாற்றங்கள் காணப்பட்டன. இயந்திரக் காற்றோட்ட அறைகளில் கணக்கிடப்பட்டவை 12. 1950க்கு முற்பட்ட, உயர்ந்த கூரையுள்ள கட்டடங்களே மிகச் சிறந்து விளங்கின.

எங்கே தொடங்குவது?

காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தளித்துக் குணப்படுத்தலாம் என்பதையும், அதனால் குடும்பத்தாருக்கு மிகுதியான தொற்று நேர்வதில்லை என்பதையும், 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு மெய்ப்பித்தது. தக்க மருந்து உண்பவரைவிட, நோய் கண்டறியப்படாமல் வரிசையில் காத்திருப்பவரால் நேரும் அபாயமே பெரிது. ஆகவே முதற்செலவு புறநோயாளர் காத்திருக்கும் கூடத்துக்கு உரியது. இருமுவோரை முன்னதாக அழைத்து அனுப்புவதற்குச் செலவே இல்லை.

மின்விசிறி உள்ளிருக்கும் காற்றைச் சுழற்றுகிறதேயன்றிப் புதுக்காற்றைக் கொணர்வதில்லை. சாதாரண அறைக் குளிர்சாதனமும் பெரும்பாலும் அவ்வாறே. குளிர்ச்சி வேறு, தூய்மை வேறு. கரியமிலவாயு அளக்கும் சிறு கருவி இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும். வெளிக்காற்றில் பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவிலுள்ள அவ்வாயு, கூடத்தில் ஆயிரத்தைத் தாண்டினால் காற்றோட்டம் போதாது என்று கொள்ளலாம்.

தக்காணத்தின் கோடை வெப்பமும் புழுதியும் சாளரங்களை மூடச் செய்கின்றன. திறந்தால் ராஸ் கண்ட கொசு உட்புகுகிறது. கம்பிவலை அதைத் தடுக்கும். ஆனால் காற்றையும் ஓரளவு குறைக்கும். எனவே வலையிடும் கட்டடத்தில் சாளரப் பரப்பைக் கூட்டுவது அவசியம். காற்று அசையாத நாட்களுக்கும் உட்புற அறைகளுக்கும் வெளியேற்றும் விசிறிகள் தேவை.

சாளரத்துக்கான செலவு பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. இயந்திரத்துக்கோ மின்சாரமும் பராமரிப்பும் ஆண்டுதோறும் வேண்டும். பழைய கட்டடத்தின் உயர்ந்த கூரையைத் தாழ்த்தி, தாழ்வாரத்தை அடைத்துப் புதுப்பிக்கும் திட்டம் அலுவலரின் மேசைக்கு வரும்போது, அழகையும் இடத்தையும் மட்டுமின்றி, அங்குப் படுத்திருப்பவர் சுவாசிக்கப்போகும் காற்றையும் கணக்கிட்ட பின்னரே ஒப்புதல் அளித்தல் வேண்டும்.